மூன்றாம் கூடாரத்து மண்

"மண்ணு எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு அத்தை. உப்பு."

"சரி, சாப்பிடுங்க" என்று இன்னொரு முட்டையை என் தட்டில் வைத்தார்.

மண் கெட்டுக் கிடக்கிறது என்று நான் சொல்லும் நாளில் எனக்கு இரண்டு முட்டை. கொஞ்சம் தேறியிருக்கிறது என்றால் ஒன்றுதான். அத்தை இதை மறைத்ததில்லை. எனக்கும் கோபம் வந்ததில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பரிமாறியிருப்பேன்.

அத்தைக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டிக்கொண்டேன். போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் குளியலறையிலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இளையவள் செவ்வாயில் இருக்கிறாள். அக்காவின் சாவுக்கு அவளால் வர முடியவில்லை. அவள் அழுததைப் படமாக அனுப்பினாள். நாங்கள் அழுததைப் படமாக அனுப்பினோம். நான் அதில் அழவில்லை. ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

செவ்வாயில் தங்கியிருக்கும் ஆறு பேரில் அவள் ஒருத்தி. நான் இங்கே அவர்களுடைய மண்ணைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் யாரும் செவ்வாய் என்று சொல்வதில்லை. "மேல" என்போம். "மேல என்ன சேதி?" "மேல ஒரே புழுதி." மாடிவீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

மேலே மண்ணில் ஒரு நச்சு உப்பு கலந்திருக்கிறது. அதில் ஏதாவது முளைத்தால் ஆச்சரியம். முளைத்ததைத் தின்றால் ஆபத்து. ஒளி புகும் பெரிய கூடாரங்கள் நான்கு அமைத்து, உள்ளே காற்றை நிரப்பி, நிலத்தடிப் பனிக்கட்டியை உருக்கி, தினமும் காலையில் மண்ணுக்குத் தண்ணீர் விட்டு உப்பை அலசிக்கொண்டிருந்தோம். அலசிய உப்புநீர் அடியில் இருக்கும் குழாய் வழியே வெளியேறும். அதைக் காய்ச்சி மறுபடியும் தண்ணீராக்குவோம். இரண்டு வருடம் இதே வேலை. உப்பு ஓரளவு இறங்கியது. பிறகு அடம்பிடித்து நின்றுவிட்டது.

மண் சுத்தமானால் அடுத்த கப்பலில் நாற்பது குடும்பங்கள் மேலே போகும். ஆகாவிட்டால் ஆறு பேரும் கீழே வந்துவிட வேண்டும். இந்த மாதக் கடைசிதான் கெடு.

அதாவது, நான் தோற்றால் அத்தையின் பெண் வீட்டுக்கு வருவாள். அத்தைக்கு மிச்சமிருக்கும் ஒரே பெண்.

அத்தை ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பழைய கார் ஒன்று, கணீர் என்ற குரல் ஒன்று, இவைதான் முதல். மகள் போன பிறகு என்னைத் தனியாக விட மனமில்லாமல் பெட்டியோடு வந்தார். ஒரு வாரம் என்றார். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒரே வீட்டில் இருந்தாலும் நாங்கள் சந்திப்பது குறைவு. மேலே ஒரு நாள் என்பது நம் நாளைவிட ஏறக்குறைய நாற்பது நிமிடம் நீளம். எங்கள் ஷிப்ட் மேலே விடியும் நேரத்தில் தொடங்கும். அதனால் என் காலை தினமும் கொஞ்சம் தள்ளிப்போகும். அத்தைக்குக் காலையாக இருக்கும்போது எனக்கு மத்தியானம். வேறு சில நாட்களில் எனக்கு நடுராத்திரி. சுற்றிச் சுற்றி ஐந்து வாரத்துக்கு ஒருமுறை எங்கள் இருவருக்கும் ஒன்றாக விடியும். அந்த இரண்டு மூன்று நாட்கள் எதிரெதிரே உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவோம்.

இந்த ஷிப்டை யாரும் விரும்பி எடுப்பதில்லை. அவள் போன பிறகு நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்களுடைய நாளில் நான் இருக்க வேண்டியதில்லை. அது வசதியாக இருந்தது.

அன்று முட்டை இரண்டையும் தின்றுவிட்டு அலுவலகம் போனேன்.

எங்கள் அறையில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. வெளியே வெயிலா இருட்டா என்று தெரியக்கூடாது. சுவரில் ஒரே கடிகாரம், மேலே உள்ள நேரத்தைக் காட்டும். இங்கே ஒரு வழக்கம் உண்டு. மேலே கட்டளை அனுப்பியதும் அறையில் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். கட்டளை போய்ச் சேர ஒரு டீ குடிக்கும் நேரமாகும். பதில் வர இன்னொரு டீ. நடுவில் பதறிப்போய் யாராவது எதையாவது தட்டித் தொலைத்தால் திருத்த முடியாது. புதிதாக வந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் கதவைத் திறந்து எல்லோரையும் பார்த்து, "போலீஸ் வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அன்று கட்டளை எதுவும் இல்லை. கூடாரங்களை மூடுவதற்கான அறிக்கையை எழுத வேண்டும். பக்கத்து இருக்கைக்காரன் அதற்கு மூடுவிழா அறிக்கை என்று பெயர் வைத்திருந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சோடா. கண்ணாடி அவ்வளவு தடிமன். கூடாரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவது அவன் வேலை.

ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய கூடாரங்களுக்கு எழுதி முடித்தேன். மூன்று மிச்சம். அதை யாரும் பார்ப்பதில்லை. பல மாதங்களுக்கு முன் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானது. சோடா வேறொரு நிரலை ஏற்றி ஓட வைத்தான். அதற்குப் பிறகு அதன் உப்புமானி தாறுமாறாக எண்கள் காட்டியது. உப்புமானி செத்துவிட்டது, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். இருந்தாலும் அறிக்கைக்கு ஒரு படம் வேண்டுமே என்று அந்த எண்களை வரைபடமாக்கினேன்.

தாறுமாறாக இல்லை. படிக்கட்டு மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் உப்பு அப்படியே நிற்கிறது. பிறகு சரசரவென்று இறங்குகிறது. மறுபடி நிற்கிறது. மறுபடி இறங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் ஐந்து வாரம்.

ஐந்து வாரம் என்றதும் எனக்கு முட்டைதான் ஞாபகம் வந்தது.

இந்த முறைக்கு முன்னால் அத்தையோடு காலையில் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? அத்தையின் பிறந்தநாள் அன்று. வரைபடத்தில் அந்தத் தேதியைத் தேடினேன். உப்பு நின்ற இடம். அதற்கு முந்தைய முறை, சமையலறைக் குழாய் ஒழுகி ஆள் வந்த வாரம். அதுவும் உப்பு நின்ற இடம். நானும் அத்தையும் ஒன்றாகச் சாப்பிட்ட நாட்களில் மூன்றாம் கூடாரத்தில் உப்பு இறங்கவில்லை. நான் அவருக்கு நேர் எதிராக, அவர் எழும்போது தூங்கப்போன நாட்களில் கொட்டியிருக்கிறது.

அந்தக் கூடாரம் மேலே உள்ள நேரத்தில் ஓடவில்லை. அத்தையின் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"சோடா, மூணாம் கூடாரத்துக்கு எங்கேர்ந்து நிரல் எடுத்து ஏத்தினே?"

"நம்ம பின்பக்கக் கொட்டகையிலேர்ந்து. அங்க சோதனைக்கு ஒரு தொட்டி மண்ணு வெச்சிருக்கோமே, அதுல ஓடிட்டு இருந்தது. ஏன்?"

"கொட்டகையில எந்தக் கடிகாரம்?"

"நம்ம கடி..." என்று நிறுத்தினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "டேய்."

"ம்."

"காலையில ஆறு மணிக்குத் தண்ணி விட்டேன்னு தினமும் ஒழுங்கா சொல்லுதேடா!"

"அதோட கடிகாரத்துல ஆறு மணிதான். மேல அப்ப மத்தியானமா இருக்கும், நடுராத்திரியா இருக்கும். அதுக்கு என்ன தெரியும்?"

"என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நான் போறேன். ஊரை விட்டே போறேன்."

"போறதுக்கு முன்னாடி உப்பைப் பாரு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். வாய் திறந்தது. வெகுநேரம் மூடவில்லை.

கூடாரத்துக்குள் இரவில் வெப்பத்தைக் குறைத்துவிடுவோம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. உள்ளே தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். அதற்குப் பயந்துதான் காலையில் தண்ணீர் விடுகிறோம், பகல் முழுக்க ஓடி வடியட்டும் என்று. மூன்றாம் கூடாரம் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்காமல் பாதி நாட்கள் இரவில் தண்ணீர் விட்டிருக்கிறது. மண்ணில் நின்ற தண்ணீர் மேலிருந்து கீழாக மெல்ல உறைந்திருக்கிறது. உறையும் தண்ணீர் உப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. கீழே தள்ளிவிடும். உப்பு கூடக் கூட அந்தத் தண்ணீர் உறையாது. அது அடிக்குழாய் வழியே வெளியே போய்விட்டது. விடிந்ததும் மண்ணின் மேற்பரப்பில் இருந்த சுத்தமான பனி உருகி மண்ணை இன்னொரு தடவை அலசியது. அந்த நாட்களில் தினம் தினம்.

"நாம ரெண்டு வருஷமா முக்கி முக்கி அலசினோம்" என்றான் சோடா. "அது பாட்டுக்கு ராத்திரி உக்காந்து உறிச்சுப் போட்டிருக்கு. வா, மேடம்கிட்ட போலாம்."

"நீ படத்தை ஒழுங்கா வரைஞ்சு வை. நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்றேன்."

"இப்பவா? எங்க?"

நான் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தேன்.

வெளியே நல்ல வெயில். கண் கூசியது. விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. அத்தை அங்கேதான் ஆட்களைப் பழக்குவார். கார் துள்ளித் துள்ளி வந்தது. ஓட்டியவர் பல் டாக்டர். வியர்வையில் குளித்திருந்தார்.

"டாக்டர், அது கியரு. பல்லு இல்ல. பிடுங்காதீங்க" என்ற அத்தை என்னைப் பார்த்ததும் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. டாக்டரின் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுத் திரும்பியது.

நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். "அத்தை, மண்ணு சரியாயிடும்போல இருக்கு."

அத்தை திரும்பவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், கொஞ்சம் இறங்கி நடந்துட்டு வாங்க. காலுக்கு நல்லது."

டாக்டர் விடுதலையானவரைப்போல இறங்கி ஓடினார்.

"நிச்சயமா?" என்றார் அத்தை.

"ஏறக்குறைய."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. சோடாவுக்கு."

"மேல?"

"இன்னும் சொல்லலை."

"அப்புறம் என்கிட்ட எதுக்கு முதல்ல சொல்றீங்க? வேண்டாம்னு நான் சொல்லணுமா?"

அவர் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் தெரியாது.

அத்தை முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை வெறித்தார். "அவ தோத்துட்டு வரணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன் மாப்பிள்ளை. நான் ஒண்ணும் தியாகி இல்ல. ஒண்ணைப் பறிகொடுத்தாச்சு. இன்னொண்ணாவது கண்ணு முன்னால இருக்கட்டும்னு நெனச்சேன். இதுல என்ன தப்பு?"

"தப்பில்ல அத்தை."

"ஆனா வந்து என்ன பண்ணுவா? உங்களை மாதிரி சோத்தை முழுங்கிட்டுச் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. வீட்டுல அதுக்கு ஒரு ஆள் போதும்."

நான் சீட் உறையின் கிழிசலை விரலால் நோண்டினேன்.

"என்ன உக்காந்திருக்கீங்க? இறங்குங்க. போய்ச் சொல்லுங்க. போறப்ப அந்த டாக்டரை இங்க அனுப்புங்க, பாருங்க, பஸ் ஸ்டாப்புக்கே போயிட்டாரு."

இறங்கினேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இனிமே ஒரு முட்டைதான்!"

இயக்குநர் மேடம் வரைபடத்தை நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார்.

"இந்தத் தப்பைப் பண்ணது யாரு?"

சோடா கையைத் தூக்கினான். எங்கள் அறை வழக்கப்படி இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"உன்னைத் திட்டறதா கொண்டாடறதான்னு ஏதாவது முளைச்ச பிறகு பாத்துக்கலாம்" என்று என் பக்கம் திரும்பினார். "ராத்திரி தண்ணி விட்டா குழாய் உறைஞ்சு வெடிக்கும். வெடிச்சா ஆறு பேருக்கும் குடிக்கத் தண்ணி இல்ல. தெரியும்ல?"

"மூணாவதுல வெடிக்கலை மேடம்."

"அது அதிர்ஷ்டம்."

"இல்ல, அது சரிவு. அந்த இடம் கொஞ்சம் சாஞ்சிருக்கு, குழாயில தண்ணி தங்காது. மத்த மூணுலயும் தண்ணி விட்டதும் குழாய்க்குள்ள காத்தை ஊதி வெளியேத்திடலாம்."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஒரு வருடமாகியிருந்தது. சோடா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"கெடுவைத் தள்ளி வைக்கச் சொல்றியா?"

"ஆமா மேடம்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு முள்ளங்கி விளையற வரைக்கும்."

மேடம் போனை எடுத்தார். அரை மணி நேரம் யார் யாரிடமோ பேசினார். கெஞ்சினார், மிரட்டினார், ஒருவரிடம் சிரித்தார். போனை வைத்துவிட்டு, "போங்க, தண்ணி விடுங்க" என்றார்.

அனுப்பினோம். கைகளைத் தூக்கினோம்.

மச்சினியிடமிருந்து முதலில் வந்த காணொளியில் அவள் மூன்றாம் கூடாரத்துக்குள் மண்டியிட்டிருந்தாள். "மாமா, இதுக்குள்ள வந்து மாசக்கணக்காச்சு. செத்த கூடாரம்னு பேரே வெச்சுட்டோம். இதைப் பாருங்க" என்று ஒரு பிடி மண்ணை அள்ளினாள். மற்ற கூடாரங்களில் மண் கட்டி கட்டியாக இருக்கும். இது விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. உறைந்து உருகி, உறைந்து உருகி, மாவாகியிருந்தது. அவளே சோதித்துப் பார்த்தாள். உப்பு இருக்கிறதா என்று சோதனைத் தாளுக்கே சந்தேகம். அன்றே முள்ளங்கி விதைத்தாள்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. ஒன்றாம் கூடாரத்தில் ஒரு வளைவில் காற்று சரியாகப் போகாமல் குழாய் வெடித்தது. ஆறு பேரும் ஒரு நாள் முழுக்க ஒட்டுப் போட்டார்கள். "மாமா, அடுத்த தடவை ஊதறப்ப நல்லா கன்னத்தை உப்பி ஊதுங்க" என்று செய்தி வந்தது. மேடம் சிரிக்கவில்லை. கட்டளையைத் திருத்தினேன். பிறகு வெடிக்கவில்லை. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்று கூடாரங்களிலும் உப்பு இறங்கத் தொடங்கியது. இப்போது படிக்கட்டு இல்லை. நேராகச் சறுக்கியது.

முளைத்த படம் வந்த அன்று அறையில் நிற்க இடமில்லை. கணக்குப் பிரிவு, காவலாளிகள், யாரென்றே தெரியாத இருவர். புகைப்படம் மேல் ஓரத்திலிருந்து வரி வரியாகத்தான் வரும். முதலில் கூடாரத்தின் கூரை. பிறகு யாருடைய முழங்காலோ. "காலை எடும்மா!" என்று சோடா திரைக்குக் கத்தினான். பிறகு செம்மண். இன்னும் செம்மண். கீழே வருவதற்குள் பலருக்கு மூச்சே நின்றுவிட்டது. கடைசி வரிகளில் பச்சை. இரண்டு இரண்டு இலையாக, கோடு பிடித்ததுபோல ஒரு வரிசை.

மேடம் நாற்காலி மேல் ஏறி நின்று ஏதோ சொன்னார். ஒருவருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு கூச்சல். யாரோ கறுப்புத் திரையைப் பிடித்து இழுத்தார்கள், அது கம்பியோடு வந்துவிட்டது. அறைக்குள் வெயில் அடித்தது. சோடாவைத் தூக்கிச் சுற்றினார்கள். அவன் "கண்ணாடி, கண்ணாடி" என்று அலறினான்.

நான் திரைக்குப் பக்கத்தில் போய் இலைகளை எண்ணினேன். எண்ணி முடித்து மறுபடி எண்ணினேன்.

கப்பலுக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது குடும்பங்கள். அவர்களில் இருவர் தச்சர்கள், ஒருவர் முடி திருத்துபவர் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஆறு பேரில் ஐவர் அங்கேயே தங்க எழுதிக் கொடுத்தார்கள். மச்சினி முதல் கையெழுத்து.

முள்ளங்கி பறிக்கும் நாளில் குடும்பத்தார் வரலாம் என்றார்கள். அத்தை தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். மேடம் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரையில் மச்சினி வந்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது, கண் பளபளத்தது. ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி உதறினாள். எலுமிச்சை அளவுதான். நல்ல சிவப்பு. நச்சு இல்லை என்று மூன்று முறை சோதித்துவிட்டோம் என்றாள். கத்தியால் ஆறு துண்டு போட்டாள்.

"மாப்பிள்ளை" என்று அத்தை கிசுகிசுத்தார். "உப்பு போயிடுச்சுன்னு நீங்க சொன்னதை நம்பித்தானே திங்கறா?"

"ஆமா அத்தை."

"நிச்சயமா?"

இந்த முறை ஏறக்குறைய என்று சொல்ல முடியாது. "நிச்சயமா."

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கை. நாங்கள் பார்ப்பது ஒரு டீ நேரத்துக்கு முன்பே நடந்து முடிந்தது. அவள் தின்றாகிவிட்டது. எது நடந்ததோ அது நடந்தாகிவிட்டது. என் இதயம் அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அது இத்தனை நாளும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

மச்சினி துண்டை வாயில் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள். முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அத்தையின் நகம் என் தோலில் இறங்கியது.

"அம்மா!" என்றாள் மச்சினி. "உறைக்குதும்மா! நல்ல முள்ளங்கி மாதிரியே உறைக்குது!"

அறை வெடித்தது. மேலே ஆறு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாக. சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்தது, அதை நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"தோலைச் சீவினாளா பாத்தீங்களா?" என்றார் அத்தை, கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. "சரியா கழுவவும் இல்ல. மண்ணோட திங்கறா."

"அந்த மண்ணுக்குத்தான் அத்தை இவ்வளவு பாடு."

மேடம் ஒலிவாங்கியை அத்தையிடம் நீட்டினார். "பேசுங்கம்மா. கொஞ்ச நேரத்துல அவங்களுக்குக் கேக்கும்."

அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ஏய், மெதுவா மென்னு தின்னு. எல்லாத்தையும் நீங்களே தீத்துடாதீங்க. விதைக்குக் கொஞ்சம் விடுங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, மூச்சை இழுத்து, மைதானத்துக்கே கேட்கும் குரலில் சொன்னார்: "நாப்பது குடும்பம் வருது. இன்னும் நெறைய போடுடி!"